பதினொன்றாம் தடிவரை

1

போன சனிக்கிழமை எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழா. நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டுச் செய்திமேல் செய்தி வந்தது. ஒன்றுக்கும் பதில் போடவில்லை. போட்டால் சண்டை வரும். சண்டை பிடிக்க எனக்கு விருப்பந்தான், ஆனால் அடுத்த நாள் காலை ஐந்தே முக்காலுக்கு முதல் பஸ்ஸை நான்தான் எடுக்க வேண்டும்.

நோர்வேயின் மேற்குக் கரையில், மழை விடாத ஒரு நகரத்தில் இருபத்தொரு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன். ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. ஒரு நிமிடம் பிந்தினால் சிவப்பு, ஒரு நிமிடம் முந்தினாலும் சிவப்பு. வீட்டில் முட்டை அவிக்கும்போதும் நேரம் பார்க்கிறேன் என்று மனைவி சொல்லுவாள். பொய் இல்லை.

இதை ஊரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் தீவின் இறுப்பிட்டியில் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை தண்ணீருக்குள் இறங்க மாட்டேன் என்று நின்றாளே, அதற்குக் காரணம் அவளுடைய ரீச்சர் என்று நீங்கள் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். ரீச்சர் இல்லை. நான். என்னோடு சேர்ந்து, போன வருட விழாவில் எழுந்து நின்று கை தட்டிய அத்தனை பேரும். அவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை, அவர்களும் என்னை மன்னிக்க வேண்டாம்.

2

முதலில் என் மகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

மதுராவை ஏழு வயதில் நகரசபை நீச்சல் மண்டபத்தில் சேர்த்தேன். நான் தீவில் பிறந்தவன், நீந்தத் தெரியாதவன். சிரிக்க வேண்டாம், உங்களிலும் கனபேர் அப்படித்தான். கடலில் இறங்குவது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரிய வேலை இல்லை என்று ஐயா நினைத்தார். தோட்டமும் மாடும் வைத்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையால் முழங்கால் தண்ணீருக்கு மேல் போகாமலே நான் வளர்ந்தேன். என் மகளாவது நீந்தட்டும் என்று சேர்த்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

அங்கே பயிற்றுநர் ஆர்னே என்று ஒருவர். நெட்டை, சொட்டை, எப்போதும் ரப்பர்ச் செருப்பு. சேர்த்த அன்றே ஒரு படிவம் தந்தார். அதில் ஒரு கேள்வி: ‘உங்கள் பிள்ளைக்குத் தண்ணீரில் எது மகிழ்ச்சி தருகிறது?’ குடிவரவு அலுவலகப் படிவங்களை நிரப்பி நிரப்பிக் கை பழகியவன் நான். அங்கே ஒரு கேள்விக்குப் பிழையாகப் பதில் எழுதினால் வாழ்க்கையே ஆறு மாதம் பிந்தும். ஆனபடியால் யோசித்து, சரியான பதில் என்று நினைத்ததை எழுதினேன்: ‘முதலாவதாக வருவது.’ ஆர்னே அதை வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை.

அவர் பிள்ளைகளை ஓட்டப்பந்தயம் போல விடமாட்டார். மிதக்க விடுவார், குமிழி விடச் சொல்லுவார், நாலு விதமாகவும் நீந்தச் சொல்லுவார். வருடக் கடைசியில் ஒரு போட்டி வைத்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பதக்கம். முதலாவது யார் என்று பட்டியல் கிடையாது. இது என்ன கூத்து என்று எனக்குப் பற்றி எரிந்தது. ஒரு ஸ்ரொப் வோச் வாங்கினேன். பார்வையாளர் வாங்கில் இருந்து ஒவ்வொரு கிழமையும் மதுராவுக்கு நேரம் எடுத்தேன். காரில் வரும்போது சொல்லுவேன், “போன கிழமையைவிட ரெண்டு செக்கன் பிந்திப்போனாய்.” அவள் ஈரத் தலையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

அவளுக்குப் பத்து வயதானபோது பெற்றோர் சந்திப்பு ஒன்றில் ஆர்னேயோடு மோதினேன். என் நோர்வேஜிய மொழி பஸ்ஸுக்குள் போதும், சண்டைக்குக் காணாது. மதுராவையே மொழிபெயர்க்கச் சொன்னேன்.

“இவர் என்ர பிள்ளையின்ர காலத்தை வீணாக்கிறார் எண்டு சொல்லு.”

அவள் ஏதோ மெதுவாகச் சொன்னாள். ஆர்னே நிறைய நேரம் பேசினார். அவள் எனக்குத் திருப்பிச் சொன்னது ஒரு வரி மட்டும்: “இப்ப நேரம் எடுக்க வேண்டாமாம். அஞ்சு வருசம் கழிச்சு எடுக்கட்டாம்.”

“அஞ்சு வருசமோ? விசரே இந்தாளுக்கு?”

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. பக்கத்து நகரத்தில், பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் கோப்பை கொடுக்கிற இன்னொரு கழகத்துக்கு அவளை மாற்றினேன். காலையும் மாலையும் பயிற்சி. கோப்பைகள் வந்தன. வரவேற்பறை அலுமாரியில் இரண்டு தட்டு நிரம்பியது. பதின்மூன்று வயதில் அவள் உயரத் தொடங்கினாள், தோள் நோவு வந்தது, அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் முன்னால் போனார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை நீச்சல் பையைக் குசினிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். பிறகு ஒரு நாளும் குளிக்கும் தொட்டியைத் தவிர வேறு தண்ணீருக்குள் அவள் இறங்கியதை நான் பார்க்கவில்லை.

பல வருடம் இதற்கு ஆர்னேதான் காரணம் என்று சொல்லித் திரிந்தேன். அடித்தளத்தை அவர் சரியாகப் போடவில்லையாம். வெட்கமில்லாமல் அப்படித்தான் சொன்னேன்.

3

ஊரில் ஜெனிற்றா ரீச்சரை எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊர்காவற்றுறைப் பிள்ளை, விளையாட்டு ஆசிரியை, முப்பது வயது இருக்கும். சனி, ஞாயிறுகளில் ஸ்கூட்டரில் வேலணை வழியாகப் பாலம் தாண்டி இறுப்பிட்டிக்கு வந்து பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார். சுற்றிவரக் கடல் இருக்க, பிள்ளைகள் கடலுக்குப் பயந்து வளர்கிறார்களே என்று தொடங்கியது. எங்கள் சங்கம் மிதவைகளும் நீச்சல் கண்ணாடிகளும் அனுப்பியது. அனுப்பியதோடு, மாதா மாதம் அறிக்கை வேண்டும் என்றும் கேட்டது. அறிக்கையில் ஒவ்வொரு பிள்ளையின் நேரமும் இருக்க வேண்டுமாம். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான்.

ரீச்சரின் அறிக்கையில் நேரம் இருக்காது. கரையில் களங்கட்டி இருக்கிறதல்லவா, மீன் மறிக்க வலை கட்டுவதற்காகக் கடலுக்குள் வரிசையாக நட்ட தடிகள். அந்தத் தடி வரிசைதான் அவருடைய தடாகம். ஒரு தடியிலிருந்து அடுத்த தடிக்குப் பிள்ளை எத்தனை கை போட்டு நீந்துகிறாள் என்று எண்ணுவார். போகும்போது ஒரு எண்ணிக்கை, திரும்பும்போது ஒரு எண்ணிக்கை. இரண்டையும் கூட்டிக் கொப்பியில் எழுதுவார். மாதம் போகப் போகக் கை குறைய வேண்டும். குறைந்தால் பிள்ளை தண்ணீரைப் பிடிக்கப் பழகிவிட்டாள் என்று அர்த்தம். முதலாம் வருடம் மூச்சும் மிதப்பும். இரண்டாம் வருடம் கை நீட்டல். மூன்றாம் வருடம் தூரம். நாலாம் வருடந்தான் போட்டி. அறிக்கையின் அடியில் இதை ஒவ்வொரு முறையும் எழுதி அனுப்புவார்.

எங்கள் தலைவருக்கு இது விளங்கவில்லை. “சிவம், உந்த ரீச்சர்ப் பிள்ளை எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்துதோ? தடியை எண்ணிறாவாம், கையை எண்ணிறாவாம். சனத்துக்கு நான் மேடையில எதைக் காட்டிறது?”

“வீடியோ அனுப்பச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்,” என்றேன்.

4

இரண்டு வீடியோக்கள் வந்தன. முதலாவதைத் திறந்தேன். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற நாள். யதுசா என்ற அந்தப் பிள்ளை, அப்போது பத்து வயது, முதலாம் தடியிலிருந்து பதினொன்றாம் தடிவரை நீந்திக்கொண்டு போகிறாள். நீளமான கை. தலை ஆடவில்லை. என் கையில் ஸ்ரொப் வோச் தானாக வந்துவிட்டது.

தூரம் எனக்குத் தெரியும். அந்தக் களங்கட்டி ஓரமாக, வற்று நாளில், ஐயாவுக்குத் தெரியாமல் நண்டு பொறுக்க நடந்தவன் நான். முதல் தடியிலிருந்து பதினொன்றாம் தடிக்கு எத்தனை எட்டு வைத்தேன் என்று எண்ணி வைத்திருக்கிறேன். ஒரு எட்டை ஒரு மீற்றர் ஆக்கினேன். நேரத்தால் பிரித்தேன். மதுராவை மாற்றிய கழகத்தில் அதே வயதுப் பிள்ளைகளின் வேகத்தோடு ஒப்பிட்டேன். எங்கள் பிள்ளை அவர்கள் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். குசினிக்குள் நின்று சத்தம் போட்டேன். மனைவி அடுப்பை நிற்பாட்டிவிட்டு ஓடி வந்தாள்.

இரண்டாவது வீடியோவைத் திறக்கவில்லை. தேவைப்படவில்லை.

விழா மேடையில் அந்த வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் நேரத்தையும் போட்டேன். இந்த நாட்டுப் பிள்ளைகளைவிட எங்கள் தீவுப் பிள்ளை வேகம் என்று சொன்னேன். மண்டபம் எழுந்து நின்றது. சிலர் அழுதார்கள். எங்களை அகதி என்று பார்த்தவர்களுக்கு ஒரு பதில் கிடைத்ததுபோல் எல்லாருக்கும் நெஞ்சு விம்மியது. எனக்கும்தான். மண்டபத்தில் இருந்த இருநூறு பேரில் பாதிப்பேர் தீவுக் கடலோரத்தில் பிறந்தவர்கள். சோளகத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவருக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை.

மேசையில் இருந்த மதுரா மட்டும் கை தட்டவில்லை. “பாவம் அந்தப் பிள்ளை,” என்று தாய்க்குச் சொன்னாளாம். எனக்கு ஆத்திரம் வந்தது. பொறாமை என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்தேன்.

5

யதுசாவைக் கொழும்புக்கு அனுப்புவது என்று சங்கம் தீர்மானித்தது. வயதுப் பிரிவுத் தெரிவுப் போட்டி ஒன்று இருந்தது. ரீச்சர் ஏலாது என்றார். சங்கம் ரீச்சரைத் தாண்டி நேரே தாயிடம் பேசியது. பேசியதும் நான். தகப்பன் அனலைதீவுப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தார். தாய் பனங்கட்டி வேலை செய்கிறவர், பாவம், வெளிநாட்டிலிருந்து ஒரு அண்ணை தொலைபேசி எடுத்து உன் பிள்ளைக்கு எதிர்காலம் இருக்கிறது என்று சொன்னால் என்ன செய்வார்? கிராம சேவகர் கடிதம், அதிபர் கடிதம், வைத்தியர் கடிதம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, பிரதி உண்மை என்பதற்கு இன்னொரு ஒப்பம். எல்லாவற்றுக்கும் அந்த மனிசி வேலணைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ்ஸில் அலைந்தார். நான் இங்கே இருந்துகொண்டு, ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று நாளுக்கு இரண்டு தரம் கேட்டேன்.

பிள்ளை அதற்கு முன் தடாகம் ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. தொடக்க மேடையிலிருந்து பாயத் தெரியாது. இறுப்பிட்டிக் கரையில் இடுப்பளவு தண்ணீர், அங்கே ஒருவரும் தலைகீழாகப் பாயக் கூடாது என்பது ரீச்சரின் முதல் சட்டம். சுவரில் உதைத்துத் திரும்பத் தெரியாது. கடலில் சுவர் ஏது? எல்லாவற்றையும்விட, உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கித் தரும், தடாகத் தண்ணீர் தராது. கால் கீழே போய்க்கொண்டே இருந்ததாம்.

சங்கத்தின் ஆள் ஒருவர் கூடப் போய் அதைப் படம் பிடித்து அனுப்பினார். வயிறு அடிபட விழுகிறாள். எழும்புகிறாள். நீந்துகிறாள். மற்றப் பிள்ளைகள் முடித்து, வெளியே ஏறி, துவாய் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். அவள் இன்னும் நடுவில். பார்வையாளர்கள் இரக்கப்பட்டுக் கை தட்டுகிறார்கள். அந்தக் கை தட்டல் ஏன் என்று அவளுக்கு விளங்கியிருக்கிறது. கரைக்கு வந்து சுவரைப் பிடித்தவள் முகத்தைத் தூக்கவில்லை.

தலைவர் உடனே எழுதினார்: ‘அந்த வீடியோவை எல்லாரும் அழியுங்கோ.’ அவ்வளவுதான். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

6

ஒரு கிழமை கழித்து நான் ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னிப்புக் கேட்க என்று நினைத்தால் பிழை. சண்டை பிடிக்க எடுத்தேன்.

“ரீச்சர், நீர் உந்தப் பிள்ளைக்குப் பாயப் பழக்கேல்லை, திரும்பப் பழக்கேல்லை. ரெண்டு வருசமாய் என்ன செய்தனீர்?”

அவருக்குப் பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. ஸ்கூட்டரைப் பாலத்தில் நிற்பாட்டியிருக்க வேண்டும்.

“அண்ணை, நான் உங்களுக்கு ரெண்டு வீடியோ அனுப்பினனான். ரெண்டாவதைப் பாத்தனீங்களோ?”

“ஒண்டு காணுந்தானே?”

“முதலாவது நீரோட்டத்தோட போனது. ரெண்டாவது எதிர்த்துத் திரும்பி வந்தது. ரெண்டையும் சேர்த்துத்தான் ஒரு கணக்கு. நீங்கள் பாதியை மேடையில போட்டிருக்கிறியள்.”

“தூரம் எனக்குத் தெரியும். அந்தத் தடியெல்லாம் நான் எட்டு வைச்சு நடந்து...”

“எந்தத் தடி அண்ணை? நீங்கள் நடந்த தடி உக்கிப்போய் எத்தினை வருசம்? இது வீடியோ எடுக்கிறதுக்கு முதல் மாசம் களங்கட்டிக்கார அந்தோனி அண்ணை புதுசாய் நட்டது. ஒவ்வொரு முறையும் அவர் நெருக்கியும் நடுவார், விட்டும் நடுவார். அதுதான் நான் மீற்றர் எழுதிறேல்லை. அதோட, நீங்கள் எட்டு வைச்சு அளக்கேக்க உங்களுக்கு என்ன வயசு?”

“ஒன்பது.”

“ஒன்பது வயசுக் கால்.” அவர் சிரிக்கவில்லை. “இதைக் கேளுங்கோ. யதுசா இப்ப கடல் பக்கமே வாறேல்லை. வகுப்பில இருபத்திமூண்டு பிள்ளையள் இருந்தவை. உங்கட தெரிவுக்குப் பிறகு மற்றத் தாய்மார், எங்கட பிள்ளையை ஒருத்தரும் கேக்கேல்லை, பிறகேன் உப்புத் தண்ணிக்குள்ள எண்டு மறிச்சுப்போட்டினம். இப்ப ஆறு பேர். நான் இந்த ஆறு பேரையும் நீந்த வைக்கிறன். ஆனா இனி உங்கட சங்கத்துக்கு அறிக்கை இல்லை, வீடியோ இல்லை. மிதவையளைத் திருப்பி வேணுமெண்டால் சொல்லுங்கோ, மூட்டை கட்டி வைக்கிறன்.”

“நீர் என்னோட இப்பிடிக் கதைக்கேலாது.”

“ஓம் அண்ணை, கதைக்கேலாது. அதுதான் வைக்கிறன்.”

வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் இரண்டாவது வீடியோவைத் திறந்தேன். எட்டு மாதமாக அது என் கைத்தொலைபேசியிலேயே கிடந்திருக்கிறது. யதுசா பதினொன்றாம் தடியிலிருந்து திரும்புகிறாள். தண்ணீர் எதிராக இழுக்கிறது. நாலு தடி தாண்டுவதற்குள் களைத்துப்போகிறாள். ஏழாம் தடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். “ரீச்சர், இது ஓடுது!” என்று கத்திச் சிரிக்கிறாள். ரீச்சர் கரையிலிருந்து, “ஓடட்டும், நீ அவசரப்படாத, நீட்டி இழு,” என்கிறார். அவள் தடியை விட்டுவிட்டு மறுபடி நீந்துகிறாள். வந்து சேர, போனதைவிட மூன்று மடங்கு நேரம் எடுத்தது. ஓம், அதற்கும் நேரம் எடுத்தேன்.

அவள் அவ்வளவு சந்தோசமாகச் சிரித்ததை முதலே பார்த்திருந்தால் அனுப்பியிருப்பேனா? அனுப்பியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

7

அதன் பிறகு சங்கத்துக்குப் போவதை நிறுத்தினேன். அவர்கள் இப்போது ஊரில் வரவேற்பு வளைவு கட்டுகிறார்கள். வளைவு களைக்காது, தோற்காது, அவர்களுக்கு அதுதான் சரி.

ஆர்னேயை ஒருநாள் என் பஸ்ஸில் கண்டேன். ஓய்வு பெற்றுவிட்டார். ஏறும்போது என்னை அடையாளம் கண்டு, “மதுரா நீந்துகிறாளா?” என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய் இருந்தார். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று அவர் சொல்லியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த மனிதர் அதற்கும் வழி விடவில்லை. இறங்கும் மட்டும் கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கறுவிக்கொண்டே ஓட்டினேன்.

மதுராவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. போன கோடையில், எனக்குச் சொல்லாமல், தனியாக ஊருக்குப் போனாள். கோவில் பார்க்க என்றாள். இறுப்பிட்டியில் மூன்று கிழமை நின்றிருக்கிறாள். யதுசாவின் வீட்டுக்கும் போயிருக்கிறாள். அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்டதற்கு, “என்ர கதையைச் சொன்னனான். உங்கட கதையும் அதுக்குள்ள வந்தது,” என்றாள். அவளுடைய தமிழ் அரைகுறை. அந்த வசனத்தில் ஒரு பிழையும் இல்லை.

இப்போது ரீச்சர் அவளுக்கு வீடியோ அனுப்புகிறார். எனக்கு இல்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பாள். போன சனி விழாவுக்குப் போகாத நான், அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, வெட்கத்தை விட்டு அந்தக் கதவில் தட்டினேன்.

“அந்தப் பிள்ளை திரும்ப இறங்கினவளோ?”

கதவு கொஞ்சமாகத் திறந்தது.

“நாலு வருசம் கழிச்சுக் கேளுங்கோ அப்பா.”

கதவு சாத்தப்பட்டது. எனக்குக் கோபம் வந்தது. என் வீடு, என் கதவு. உதைக்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் உள்ளே வீடியோ தொடங்கிவிட்டது. காற்று. தண்ணீர்ச் சத்தம். “அவசரப்படாத யதுசா, நீட்டி இழு!” என்று ரீச்சரின் குரல். கை ஒன்று தண்ணீரில் விழுந்து இழுக்கிற சத்தம், பிறகு இன்னொன்று. மதுரா உள்ளே சிரித்தாள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

கதவோடு காதை வைத்து நின்றேன். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் போனபின்தான், என் உதடு அசைந்துகொண்டிருப்பதை உணர்ந்தேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. கையை அல்ல, செக்கனை எண்ணிக்கொண்டிருந்தேன்.